கீழ்க்கோட்டில் உன் மாமா

சாமி,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. போனில். பெற்ற தாய்க்கும் போனில்தான், உன்னோடு வேலை பார்க்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் போனில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, வருத்தப்பட்டு ஒன்றும் ஆகப்போவதுமில்லை. ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய் பார், "அத்தைக்கும் இதையே அனுப்பிட்டேன், பாத்தாங்களான்னு தெரியல" என்று, அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். கூப்பிட்டுச் சொல்லலாம்தான். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் ஒரு காதில் என்னையும் இன்னொரு காதில் வேறு யாரையோ வைத்துக்கொண்டு "ம், ம்" என்பாய். கடிதத்துக்கு "ம்" போட முடியாது. ஒரு மணி நேரம் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வெளியே வந்து, உட்கார்ந்து, முழுதாகப் படி.

நம் பக்கத்தில் தாய்மாமன் வீட்டார் வந்து நிற்காமல் ஒரு கல்யாணம் நடக்காது என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா போனபோது நீ ஆறாம் வகுப்பு. அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதுவரை என் அண்ணன்தான் உனக்கு எல்லாம். மருத்துவக் கல்லூரியில் உன்னைக் கொண்டுபோய் விட்டது யார் என்று நினைத்துப் பார். கார் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். "என்ற வண்டி இருக்கறப்ப வாடகை வண்டி எதுக்கு அம்மிணி" என்று திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் பைப் ஏற்றுகிற லாரியிலேயே உன்னையும் உன் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார். விடுதி வாசலில் காவலாளி, "பைப் லோடெல்லாம் பின் கேட்டு" என்று திருப்பி அனுப்பினானாம். உனக்கு அவமானமாக இருந்தது என்று நீ பிறகு சொன்னாய். அவருக்கு அது வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற கதையாக இருந்தது.

அந்த மனுஷர் இன்று இல்லை. அவர் வீடு இருக்கிறது, அந்த வீட்டில் உன் அத்தை இருக்கிறார். அவர் போன நாளிலிருந்து அத்தை உன்னோடு பேசுவதில்லை. நீயும் பேசிப் பார்க்கவில்லை. இப்போது போனில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, பார்த்தாரா இல்லையா என்று என்னிடம் கேட்கிறாய். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு இருக்கிற விவரம் உனக்கு இல்லை. போன வாரம் அவளே என்னைக் கூப்பிட்டு, "அம்மா, மாமா வீட்டுக்கு நாங்க எப்ப போய்ச் சொல்லணும்?" என்று கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

உன்னால் நான் பட்ட பாட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீ டாக்டருக்குப் படித்து முடித்ததும் சொந்தபந்தம் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, ஆஸ்பத்திரி எங்கே கட்டப் போகிறான் என்பதுதான். திருச்செங்கோட்டிலா, நாமக்கல்லிலா, இல்லை சேலத்திலேயே ஐந்து ரோட்டுப் பக்கமா? நீ ஆஸ்பத்திரி கட்ட மாட்டேன், ரத்தப் புற்றுநோயில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாய். அதை நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். "டாக்டருக்குப் படிச்சுப்போட்டு லேப்ல ரத்தம் பாக்கறானாமா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். லேப்பில் ரத்தம் பார்க்கிறவர் வேறு, இவன் வேறு என்றேன். என்ன வேறு என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதான் எனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லையே. ஒரு முறை விடுமுறைக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டி, "எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா" என்றாய். ஊதா நிறத்தில் வட்ட வட்டமாக இருந்தது. என்னவென்று கேட்டால், ஒருத்தருடைய எலும்பு மஜ்ஜையில் பெருகிக் கிடக்கிற புற்று அணுக்கள் என்றாய். இன்னொருவர் உடம்பைத் தின்கிற நோயை அழகு என்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் யாரிடம் என்ன விளக்க முடியும்?

ஆனாலும் ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு என் போனுக்குத்தான் வரும். ராசிபுரத்திலிருந்து ஒருத்தர், குமாரபாளையத்திலிருந்து ஒருத்தர். "பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க." நான் உனக்கு அனுப்புவேன். நீ இரண்டு நாள் கழித்து "இது என் துறை இல்லம்மா" என்பாய். நான் அவர்களிடம், "பையன் பாத்துட்டான், பயப்பட ஒண்ணுமில்லையாம், உங்க டாக்டரு சொல்றபடி கேட்டுக்கங்க" என்பேன். ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் இவ்வளவு பேருக்குச் சமாதானம் சொன்னதில்லை.

உன் மாமாவின் சீட்டு ஒன்றுக்குத்தான் நீ உடனே பதில் சொன்னாய். அவருக்கு முதுகுவலி வந்து பல மாதம் ஆகியிருந்தது. போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று குண்டும் குழியுமான ரோட்டில் அலைந்த உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் இருந்துவிட்டோம். எண்ணெய் தேய்த்தார், இடுப்புக்குப் பட்டை கட்டினார். பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததை வழக்கம்போல உனக்கு அனுப்பினேன். நீ அடுத்த நிமிஷமே கூப்பிட்டாய். "அம்மா, மாமாவை நாளைக்கே இங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்து. மாத்திரை எதுவும் வேண்டாம், முதுகுவலி மாத்திரை சுத்தமா வேண்டாம், கிட்னியும் கெட்டிருக்கு" என்றாய். உன் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நீ ஒரு "ம்" கூடப் போடவில்லை.

எலும்பு மஜ்ஜையில் வருகிற ரத்தப் புற்றுநோய் என்றாய். முழுதாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றாய். அப்போது நீங்கள் அதே நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தீர்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு எல்லாரும் கொடுக்கிற பழைய மருந்து, மீதிப் பேருக்கு அதோடு புது மருந்தும். யாருக்கு எது என்பதை எந்த டாக்டரும் முடிவு செய்ய முடியாது, கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். மாமாவும் அதில் சேரலாமா என்ற பேச்சு வந்தபோது நீ, "நான் சொந்தக்காரன், நான் சொல்லக் கூடாது" என்று வேறொரு டாக்டரை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் நின்றாய். அந்த டாக்டர் பொறுமையாக எல்லாம் சொன்னார். அண்ணன் கடைசிவரை கேட்டுவிட்டு, "இத்தன நேரம் நீங்க சொன்னது செரிங்க டாக்டரு. என்ற மாப்ளே வெளிய நிக்கறானே, அவன் நடத்தறதுதானுங்களே இது? அப்பறம் என்ன, எங்க கையெழுத்துப் போடோணும்?" என்றார். அந்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டு நாளில் நீ கூப்பிட்டுச் சொன்னாய், மாமாவுக்குப் பழைய மருந்துதான் விழுந்திருக்கிறது என்று.

அடுத்த முறை ஊசி போட்டு முடிந்ததும் நீயே அவரை ரயிலில் கூட்டிக்கொண்டு சூரமங்கலத்தில் நம் வீட்டுக்கு வந்தாய். அவர் கூடத்தில் படுத்திருந்தார். நான் உன்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"அதை மாத்து" என்றேன்.

"மாத்த முடியாதும்மா."

"உன்னால முடியாதுன்னா வேற யாரால முடியும்?"

"யாராலயும் முடியக் கூடாதுன்னுதாம்மா அப்படி வெச்சிருக்குது. எங்க மாமா, உங்க சித்தப்பான்னு ஆளாளுக்கு மாத்த ஆரம்பிச்சா, கடைசில அந்த மருந்து நல்லதா கெட்டதான்னு யாருக்கும் தெரியாது. இப்ப எனக்கே தெரியாது. புது மருந்து இன்னும் மோசமாக் கூட இருக்கலாம்."

"மோசமா இருக்கும்னு நினைச்சா நீ இத்தன வருசம் அதுக்குப் பின்னாடி அலைவியா?"

அதை விட்டுவிட்டு நீ என்னையே மடக்கினாய். "நீ கவுண்டர்ல இருந்தப்ப மாமாவுக்கு ஒரு தடவையாவது வெயிட்டிங் லிஸ்ட்ட மாத்திக் குடுத்தியாம்மா? தீபாவளிக்குச் சென்னையிலிருந்து கதவோரம் நின்னுக்கிட்டே வந்தாரே."

ஆமாம், மாற்றிக் கொடுக்கவில்லை. அந்தக் கண்டிப்பை நீ என்னிடம்தான் கற்றாய் என்று ஊரில் சொல்கிறார்கள், அதைப் பெருமையாகச் சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றவருக்கு மறுநாள் வண்டி இருந்தது, சாமி. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கிற அளவுக்கு உனக்குப் படிப்பு ஏறியிருக்கிறது.

கூடத்திலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. "ஏன் அம்மிணி பையனப் போட்டு இந்தப் பாடு படுத்தற? செரி, உடு. தண்ணி குடு" என்றார். வாங்கிக் குடித்துவிட்டு உன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். இதுநாள்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஒரு நாள் அவரை ஊசிக்கு வண்டி ஏற்றிவிட சேலம் ஜங்ஷனுக்குப் போனேன். வண்டி தாமதம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். "எனக்கும் ஆசதான் அம்மிணி. அந்தப் புது மருந்து நமக்கு உழுந்திருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு நெனைக்காத நாளு இல்ல. வேண்டாம்னா எப்ப வேணாலும் வெளிய வந்தறலாம் மாமான்னு அவன் ஒவ்வொரு தடவையும் சொல்றான். சொல்றப்ப அவன் மூஞ்சியப் பாக்கோணும் நீ. நான் பாதீல எந்திரிச்சுப் போனா அவன் பண்ற வேலைல ஒரு ஓட்ட உழுந்துருமில்ல. இருந்துட்டுப் போறேன். இத அவங்கிட்டச் சொல்லீராத, வெசனப்படுவான்." நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வெசனப்படு. கொஞ்சம் வெசனப்படுவது உனக்கு நல்லது.

பழைய மருந்தும் நன்றாகத்தான் கேட்டது, அதை நான் மறைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நடமாடினார். ஜேடர்பாளையம் பக்கம் போர் போடுகிற இடத்துக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஆட்களை விரட்டினார். சிறுநீரகமும் தேறிவிட்டது என்று நீ சொன்னாய். பிறகு நோய் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் எதுவும் பிடித்து நிறுத்தவில்லை.

இழவு வீட்டுக்கு நீ வந்தாய். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கண்ணு, அந்த மருந்து குடுத்திருந்தா மாமா இருந்திருப்பாரா?"

நீ சொன்னாய், "அப்படித் தனியா ஒருத்தருக்குச் சொல்ல முடியாதுங்க அத்தை. எல்லாரையும் சேர்த்து, சராசரியாப் பார்த்தாத்தான்..."

அத்தை உன்னை முடிக்க விடவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொம்பளை உன்னிடம் கணக்குக் கேட்கவில்லையடா. புருஷனை வெளியே கிடத்தியிருக்கிறார்கள், தூக்கப் போகிறார்கள், அந்த நேரத்தில் உன்னைவிட்டால் வேறு யாரிடம் கேட்பார்? "தெரியலீங்க அத்தை" என்று சொல்லி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதிருந்தால் அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். நீ அழவில்லை. சுடுகாடு போய் வந்த கையோடு ராத்திரி வண்டிக்கே கிளம்பிவிட்டாய். யாரோ ஒரு நோயாளிக்கு மறுநாள் காலையில் மஜ்ஜை எடுக்க வேண்டும் என்றாய். அவரும் ஒரு வீட்டு மனுஷர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் வீட்டு மனுஷருக்கு ஒரு நாள் கொடுக்க முடியவில்லை உனக்கு.

பிறகு சோதனை முடிவு வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு அரங்கத்தில் நீ மேடையில் நிற்கிற படத்தை அனுப்பினாய். ஊருக்கு வந்தபோது நானே கேட்டேன், என்னதான் முடிவு, எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று. ஒரு படத்தைத் திறந்தாய். படிக்கட்டு மாதிரி இறங்குகிற இரண்டு கோடுகள். மேலே இருப்பது புது மருந்து வாங்கியவர்கள், கீழே இருப்பது பழைய மருந்துக்காரர்கள் என்றாய். கீழ்க்கோடு சீக்கிரம் சீக்கிரமாக இறங்கியது. ஒவ்வொரு படியும் என்ன என்று கேட்டேன். நோய் திரும்பினவங்க, இல்லைன்னா இறந்தவங்க என்றாய்.

"அப்ப மாமா?"

நீ கீழ்க்கோட்டில் ஓர் இடத்தில் விரலை வைத்தாய். "இந்தப் படிம்மா" என்றாய்.

நகக்கண் அளவுகூட இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் எதற்கு என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. நீ ஒழுங்காக நடந்ததால்தான் அந்த இரண்டு கோடும் நம்பும்படியாக இருக்கின்றன, அதனால்தான் இப்போது எல்லாருக்கும் அந்த மருந்து கிடைக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காக ஆறிவிடுமா? போன வாரம் உன் வருங்காலப் பெண்டாட்டி பேசும்போது ஒன்று சொன்னாள். "அந்தக் கோட்டைக் காட்டிப் பேசும்போதெல்லாம் ஒரு இடத்துல நிறுத்திடுவாரும்மா. அடுத்த வார்த்தை மறந்துட்டாரோன்னு எல்லாரும் பார்ப்பாங்க. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு." எனக்கு ஏன் என்று தெரியும். ஊர் ஊராகப் போய் அத்தனை பேர் முன்னால் மாமாவுக்காக நிற்கிறவன், திருச்செங்கோட்டுக்குப் போய் அத்தை முன்னால் ஒரு முறை நிற்கக் கூடாதா? அவளிடமும் "ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்காதே. கல்யாணம் ஆன பிறகு அந்த வார்த்தை செல்லாது. என்ன இருக்கிறதோ அதைச் சொல். அவள் உன் ஆராய்ச்சிக் கூடத்துக்காரிதான், ஆனாலும் எல்லாவற்றையும் அவளே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். என் பிரஷர் மாத்திரைக்காகச் சேலத்தில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ரத்தநோய்ப் பிரிவைத் தாண்டித்தான் மருந்து வாங்கப் போக வேண்டும். அங்கே வரிசை நாற்காலியில் உன் அத்தை உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய், "நங்கை, உங்களுக்கு என்னங்க?" என்றேன். நம் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம், நீ மறந்திருப்பாய்.

"எனக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. இவளுக்குத்தான்" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார். அவர்கள் தெருவில் தறிப்பட்டறை வைத்திருக்கிற வீட்டுப் பெண். என் வயதுகூட இருக்காது, முகம் வெளுத்திருந்தது. மாமாவுக்கு வந்த அதே நோய். ஊசி போட வாராவாரம் வர வேண்டியிருக்கிறது, மகன் வடக்கே போர் வண்டியில் இருக்கிறான், கூட வர ஆளில்லை. "எனக்கு இந்த ஆஸ்பத்திரிச் சோலியெல்லாம் பழக்கந்தானே. அதான் பஸ் ஏறிக் கூட வாரேன்" என்றார் அத்தை. எந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும், ரத்தம் எங்கே எடுப்பார்கள், ஊசி போட்ட பிறகு எவ்வளவு நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று எல்லாம் அவருக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டே பேசினார்.

என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார். அந்த மருந்துதான். உன் மருந்து.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். போன்ல வந்த பத்திரிகையைப் பாத்தீங்களா நங்கை, முறையா வந்து கூப்பிடாதது தப்புத்தானுங்க என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தை அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"அம்மிணி, இந்த மருந்து நல்லதுன்னு கண்டுபுடிக்கறதுக்கு எங்கூட்டுக்காரரும் ஊசி குத்திக்கிட்டாருன்னு இவகிட்டச் சொன்னேன். நம்பமாட்டேங்கறா. உங்கூட்டுக்காரரு போர் வண்டிதானக்கா ஓட்டுனாருங்கறா. உன்ற பையன வந்து இவகிட்டச் சொல்லச் சொல்லு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் போனில் கேட்காதே. அடுத்த வாரமும் அவர்கள் ஊசிக்கு வருவார்கள். விடுப்புச் சொல்லிவிட்டு, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளையும் கூட்டிக்கொண்டு, வெறும் கையோடு வராமல், வந்து சொல்.

உன் அம்மா